கன்னுத்தோல் அட்டை

அண்ணா.

எனக்கு உன் பேரு இதுதான். ஞானஸ்நானத்துல பாதிரியார் வெச்ச பேரு வேற. காலேஜு ரிஜிஸ்டர்ல அதையே இங்கிலீஷ்ல எழுதி இன்னும் வேறயா ஆக்கிட்டாங்க. நான் கூப்ட்டது அண்ணான்னு தான். தெரு முனையில போய்க்கினு இருந்தாலும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பாப்ப. இப்பவும் கூப்புடுறேன். திரும்ப மாட்டன்னு தெரியும்.

படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். நான் மூணாங் கிளாசு வரைக்கும் தான் படிச்சேன். எழுத்துல தப்பு இருக்கும், பொறுத்துக்கணும். கோயில்ல எழுந்து நின்னு சொல்லிடலாம்னு ரெண்டு ஞாயித்துக்கெழம பாத்தேன். எழுந்து நின்னேன், வாய் வரல, உக்காந்துட்டேன். அதனால பத்திரிகைக்கு எழுதுறேன். எங்க அண்ணன் பொய் சொன்னான்னு வேலூர்லயும் வாலாஜாபேட்டையிலயும் பேச்சு இருக்குது. அண்ணன் பொய் சொல்லல. பொய் சொன்னது நான்.

எங்க வீடு ஆம்பூர்ல, தோல் கம்பெனிக்குப் பின்பக்கம் இருக்குற சேரியில. அப்பா தோல் ஊற வெக்கிற சுண்ணாம்புக் குழில எறங்கி வேல செஞ்சவரு. கையெல்லாம் அரிச்சி, சோத்துல கொழம்பு ஊத்திப் பெசஞ்சா எரியும். கரண்டி வெச்சி சாப்புடுவாரு. தெருவுல துரை சாப்புடுறாரு பாருன்னு கேலி பண்ணுவாங்க. அண்ணனுக்கு ஏழு வயசு ஆனப்ப, "இவன் கை இந்தக் குழில படக் கூடாது"ன்னு சொல்லி மிஷன் போர்டிங் ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுட்டாரு. அப்புறம் நாலு வருஷத்துல அப்பா இருமியே செத்துப் போய்ட்டாரு. அம்மாவும் நானும் கம்பெனிக்குப் போனோம்.

அண்ணன் லீவுல வந்தாக் கூட கம்பெனி உள்ள விட மாட்டோம். சோறு கொண்டாந்தா கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சி வாங்கிக்குவோம். ஒரு வாட்டி அது, தோலு பதம் பண்ணப் போடுற ஆவாரம் பட்டை மூட்டைய தூக்கப் போச்சு. அம்மா ஓடிப் போய் கையில அடிச்சுது. "இதுக்கா உங்க அப்பன் செத்தான்?" எங்க தெருவுல தோல தொட்டுப் பாத்து இன்னா தோலுன்னு சொல்லத் தெரியாத ஆளு எங்க அண்ணன் ஒருத்தர் தான். அது எங்களுக்குப் பெரும. அந்தப் பெருமையே எங்கள கவுத்துடுச்சு.

வேலூர் காலேஜுல சேந்ததும் அண்ணனுக்கு ஒரே நெனப்பு தான். கூடப் படிக்கிற பசங்களுக்கு ஏசுவப் பத்தி சொல்லணும். பிரசங்கம் மாதிரி கத்துறதெல்லாம் கெடையாது. காலேஜு மைதானத்து ஓரத்துல ஒரு புளியமரம். சாயங்காலம் பந்து வெளாடி முடிச்சிட்டு பசங்க அங்க உக்காந்து வேர்வை காய விடுவாங்க. அண்ணனும் போய் உக்காந்து புதிய ஏற்பாட்டுப் பொஸ்தகத்துலேந்து கொஞ்சம் படிச்சிக் காட்டும். சனிக்கெழம வீட்டுக்கு வந்தா, பசங்க பேசுனத அவங்க கொரல்லயே எங்களுக்குப் பேசிக் காட்டும்.

"பிரசங்கி வந்துட்டாருடா. மூக்க மூடிக்கோங்க, ஆம்பூர் காத்து அடிக்குது."

"ஏம்ப்பா, உங்க சாமி தோல் ஊறுற எடத்துக்கெல்லாம் வருமா, இல்ல காத்து வர்ற பக்கமா பாத்து நின்னுக்குமா?"

அண்ணன் கோச்சிக்காது. "வருவாரு. எங்க வேதத்துல, ஏசு கூடவே இருந்த பெரிய அப்போஸ்தலர் ஒருத்தரு தோல் பதனிடுறவர் வீட்ல ரொம்ப நாள் தங்கி இருந்தாரு. நீங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்க. அவரு அங்கயே சாப்ட்டு அங்கயே தூங்குனாரு"ன்னு சொல்லுச்சாம்.

எல்லாரும் சிரிச்சாங்களாம். ஒருத்தர் மட்டும் சிரிக்காம, "அது நெசமாவே எழுதியிருக்குதா? காட்டு"ன்னு கேட்டாராம். அவரு வாலாஜாபேட்டை. அவங்க அப்பாவுக்கு அங்க ஜவுளிக்கடை. அண்ணன் அவர "வாலாஜா"ன்னு கூப்டும், அவரு அண்ணன "ஆம்பூரு"ன்னு கூப்டுவாரு. காட்டுனப்பறம் அவரு அந்தப் பொஸ்தகத்த திருப்பிக் குடுக்கல. "படிச்சிட்டு தர்றேன்"னு இடுப்புல சொருவிக்கினாராம். அன்னிலேந்து ரெண்டு பேரும் தோஸ்து.

ஒரு ஞாயித்துக்கெழம அண்ணன் அவர எங்க வீட்டுக்கே கூட்டியாந்துடுச்சு. தோல்காரங்க வீட்டப் பாக்கணும்னு அவரு தான் கேட்டாராம். அம்மா பேஜாராய்டுச்சு.

"இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம. அவங்கள எங்கடா உக்கார வெக்கிறது?"

"நான் உக்கார்ற எடத்துல தாம்மா."

அம்மா என்னய சோடா வாங்கியாரச் சொல்லுச்சு. சோடான்னா மூடி வந்தது, நம்ம கை படாதது, அவங்க குடிப்பாங்கன்னு. நான் கெளம்பறதுக்குள்ள அவரு, "சோடா வேணாம்மா. பானையில தண்ணி இருந்தா குடுங்க"ன்னாரு.

"தம்பி, உங்க வீட்ல தெரிஞ்சா..."

"தெரிஞ்சா நான் சொல்லிக்கிறேன். தாகமா இருக்குதும்மா."

நான் தான் சொம்புல மொண்டு குடுத்தேன். அவசரத்துல கொஞ்சம் அவரு சட்ட மேல ஊத்திட்டேன். அண்ணாந்து குடிக்காம, சொம்ப வாயில வெச்சே குடிச்சாரு. அம்மா அடுப்பு பக்கம் போய்டுச்சு. அழுவுதுன்னு முதுகப் பாத்தே தெரிஞ்சுது.

"நாத்தம் தாங்குதா வாலாஜா?"ன்னு அண்ணன் கேட்டுச்சு.

"எங்க ஊரு சாயத்தொட்டி பக்கம் வந்து பாரு. இது பன்னீரு."

அப்புறம் இடுப்புலேந்து அந்தப் பொஸ்தகத்த எடுத்தாரு. வேர்வையில ஊறி மேல் காகிதம் பிஞ்சி, முன்னால நாலு பக்கம் தனியா தொங்கிக்கினு இருந்துச்சு. "எங்க அம்மா கிட்டயும் காட்டிட்டேன். படிக்கத் தெரியாது அவங்களுக்கு. சாமி பொஸ்தகம்னா கீழ போடாத, மாடத்துல வைன்னாங்க. வீட்டுக்குப் போனா வெளக்குப் பக்கத்துல தான் வெக்கிறேன்"ன்னாரு. அண்ணன் மொகம் எப்டி ஆச்சுன்னு எனக்கு எழுதத் தெரியல.

போறப்ப என்னப் பாத்து சொன்னாரு. "தங்கச்சி, இவன் சொல்ற சாமிய நான் பாத்தது இல்ல. இவன தான் பாக்குறேன். அந்தக் காலேஜுல நாங்க எல்லாரும் பொய் சொல்றோம். வாத்தியார் கிட்ட, வீட்ல, ஒருத்தன் கிட்ட ஒருத்தன். இவன் சொல்ல மாட்டேன்றான். நானும் புடிக்கலாம்னு ஒரு வருஷமா பாக்குறேன். இவன் பொய் சொல்லாத வரைக்கும் கேட்டுக்கினே இருப்பேன். சொன்னான்னா அன்னிக்கே விட்டுடுவேன்." அப்புறம் அண்ணன் தோள்ல தட்டி, "மாட்டிக்கினியா ஆம்பூரு?"ன்னு சிரிச்சாரு. அண்ணன் சிரிக்கல.

அவர ஸ்டேஷன் வரைக்கும் விட்டுட்டு வந்து அண்ணன் என் கிட்ட கேட்டுச்சு. "அந்தப் பொஸ்தகத்துக்கு ஒரு தோல் அட்ட தச்சிக் குடேன். வேர்வ உள்ள போகாம. மாடு மட்டும் வேணாம். அவங்க வீட்டு மாடத்துல வெக்கிறது. ஆட்டுத்தோல் இருந்தா போடு."

"சரிண்ணா"ன்னேன்.

அப்ப நான் கம்பெனில காஞ்ச தோல பிரிச்சி அடுக்குற எடத்துல இருந்தேன். அங்க பேச்சே வேற. மாடுன்னா ஒரு அடுக்கு. எருமை ஒரு அடுக்கு. ஆடு ஒண்ணு. கன்னு ஒண்ணு. மாடு எடுத்தாடின்னு சொன்னா யாரும் கன்னு கொண்டு போக மாட்டோம். கொண்டு போனா மேஸ்திரி, "கண்ணு பொட்டையா? மாடுன்னு தான கேட்டேன்?"னு கத்துவாரு. கன்னு, மாடு கெடையாது எங்களுக்கு. அது தனி சரக்கு.

அந்த வாரம் ஆட்டுத்தோல் துண்டெல்லாம் மோசமா இருந்துச்சு. உண்ணி கடிச்ச ஓட்ட, மொரமொரன்னு இருந்துச்சு. பக்கத்து அடுக்குல கன்னுத்தோல் துண்டு ஒண்ணு கெடந்துச்சு. கொழந்த கன்னம் மாதிரி. கையில எடுத்தா கீழ வெக்க மனசு வரல. சாமி பொஸ்தகத்துக்கு ஓட்டத் தோல் போடுறதா? அவரு நம்ம பானைத் தண்ணி குடிச்சவரு, அவருக்கு உண்ணி கடிச்சதா குடுக்கறது?

"மேஸ்திரி, இந்தத் துண்டு எடுத்துக்கட்டா?"

"இன்னாத்துக்கு, உன் கல்யாணத்துக்கு செருப்பு தைக்கவா?"

"வேத பொஸ்தகத்துக்கு அட்ட."

"எடுத்துக்கோ. எனக்கும் சேத்து ஜெபம் பண்ணிடு. இந்தக் குழி நாத்தம் பரலோகம் வரைக்கும் ஒட்டிக்கினு வரக் கூடாதுன்னு."

மாடு வேணாம்னு தான் அண்ணன் சொல்லுச்சு, கன்னு மாடு இல்லயேன்னு நெனச்சிக்கினு தச்சேன். இப்ப உள்ளத உள்ளபடி சொல்லணும். அப்டி நெனச்சது பாதி மனசு. பாக்கி பாதிக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே அந்தப் பாதிய பேச விடல.

அடுத்த சனிக்கெழம அண்ணன் வந்துச்சு. அட்டய வாங்கி தடவிப் பாத்துச்சு. எங்க தெருவுல எந்தக் கொழந்த தடவி இருந்தாலும் அப்பவே சொல்லி இருக்கும். எங்க அண்ணன் வெரல் போர்டிங் ஸ்கூல் வெரல்.

"எவ்ளோ மெதுவா இருக்குது. ஆடு தானே?"

"ம்"னேன்.

அந்த ஒரு எழுத்து தான். வாயத் தொறந்து கூட சொல்லல.

அதுக்கப்பறம் ரெண்டு மாசம் நல்லா போச்சு. வாலாஜாக்காரரு அட்டயப் பாத்துட்டு, "இன்னா தோலு?"ன்னு கேட்டாராம். "ஆடு, சந்தேகமே வேணாம், எங்க வீட்ல தச்சது"ன்னு அண்ணன் சொல்லுச்சாம். அவரு புளியமரத்தடியில மத்த பசங்களுக்கு தானே படிச்சிக் காட்ட ஆரம்பிச்சாராம். ஞானஸ்நானம்னா இன்னா பண்ணணும்னு அண்ணன தனியா கூப்ட்டு கேட்டாராம். அத சொல்றப்ப அண்ணன் சந்தோஷத்துல சாப்புடவே மறந்துடுச்சு.

அப்புறம் ஒரு புதன்கெழம, லீவே இல்லாத நாள்ல அண்ணன் வீட்டுக்கு வந்துச்சு. செருப்பக் கழட்டாம அப்டியே நின்னுச்சு.

நடந்தது இதான். வாலாஜாக்காரரு லீவுக்கு ஊருக்குப் போயி, அப்பா கடையில உக்காந்து பொஸ்தகம் படிச்சிக்கினு இருந்தாரு. மேல்விஷாரத்துலேந்து ஒரு சாயபு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தாரு. தோல் வியாபாரம் பண்றவரு. பெரிய மனுஷன், ஒரு கெட்ட எண்ணமும் கெடையாது. பொஸ்தகத்தக் கையில வாங்கி கட்ட வெரலால ஒரு தடவு தடவிட்டு, "அடடா, இன்னா சரக்கு தம்பி இது! பால்குடி கன்னு. எங்க புடிச்சீங்க?"ன்னு கேட்டுட்டாரு.

"இல்ல பாய், ஆடு."

"முப்பது வருஷமா இதே தொழிலு தம்பி. கன்னு."

கடையில அவரோட அப்பா இருந்தாரு, அம்மா உள் வாசப்படியில நின்னாங்க. அட்ட போட்டு வந்தப்பறம் அந்தம்மா தான் அத தன் கையால வெளக்குப் பக்கத்துல வெச்சவங்க. அவங்க யாரையும் ஒரு வார்த்த திட்டலயாம். மாடத்தக் கழுவுனாங்களாம், தலைக்கு ஊத்திக்கினாங்களாம், மூணு நாளு தண்ணி கூட குடிக்கலயாம். அவங்க அப்பா காலேஜுக்கு வந்து இதெல்லாம் சொல்லிட்டு, மகனோட பொட்டிய எடுத்துக்கினு போய்ட்டாரு. கூட வந்த வாலாஜாக்காரரு அண்ணன் கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டாராம்.

"தெரியாம சொன்னியா, தெரிஞ்சி சொன்னியா?"

"தெரியாது வாலாஜா."

"தோல் கம்பெனிக்காரன் பையன். உனக்கு ஆடு எது கன்னு எதுன்னு தெரியாது. இத நான் நம்பணும்."

அவ்ளோதான், போய்ட்டாரு.

இத சொல்லி முடிச்சிட்டு அண்ணன் என்னப் பாத்துச்சு. கோவமே இல்ல. "நீ ஆடுன்னு தானம்மா சொன்ன?"

அப்ப சொல்லி இருக்கலாம். அம்மா கூட உள்ள இல்ல. நானும் அண்ணனும் தான். "மேஸ்திரி குடுத்தாரு, எனக்கு எப்டி தெரியும்"னேன். கண்ண மூடிக்கினு தொட்டாலே பிரிச்சி அடுக்குறவ நான். அண்ணன் நம்பிடுச்சு. "பாவம், உன் மேல இன்னா தப்பு"ன்னு என் தலையத் தொட்டுச்சு.

அதுக்கப்பறம் காலேஜுல அண்ணனுக்குப் பேரே மாறிடுச்சு. ஆட்டுத்தோல் பிரசங்கி. புளியமரத்தடிக்கு அது போனா பசங்க எழுந்து வேற பக்கம் போய்டுவாங்களாம். போறப்ப ஒருத்தன் "மே"ன்னு கத்துவானாம், இன்னொருத்தன் "அம்மா"ன்னு கன்னு மாதிரி கத்துவானாம். அண்ணன் தனியா உக்காந்து, யாரும் இல்லாத எடத்துல, வழக்கமா படிக்கிற அளவு சத்தமா படிச்சிட்டு எழுந்து வருமாம். இத அண்ணன் சொல்லல. அண்ணன பொதைக்கிற அன்னிக்கு வந்த ஆஸ்டல் சமையல்காரர் சொன்னாரு.

மழ காலத்துல ஒரு நாளு அண்ணன் வாலாஜா ரோடு ஸ்டேஷன்ல எறங்கி, அந்த ஜவுளிக்கடை எதுர்ல போய் நின்னுச்சு. காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும். மழ வந்துச்சு, நகரல. மறுநாளும் நின்னுச்சு. கடைசியா வாலாஜாக்காரரோட அப்பா வெளிய வந்து, "தம்பி, உன் மேல எனக்குக் கோவம் கெடையாது. அவன் இங்க இல்ல, காவேரிப்பாக்கத்துல மாமா வீட்ல இருக்கான். தயவு பண்ணி போய்டு. தெருவே பாக்குது"ன்னாரு. "ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்கய்யா. தப்பு எங்க வீட்டு தப்பு தான், ஆனா நான் தெரிஞ்சி சொல்லல"ன்னு அண்ணன் கும்புட்டுச்சு. அவரு உள்ள போய்ட்டாரு.

வீட்டுக்கு வந்தப்பவே ஒடம்பு கொதிச்சுது. வெசக் காய்ச்சல். மிஷன் டாக்டரம்மா வந்து தன்னால ஆனதெல்லாம் பாத்தாங்க. மூணாவது வாரம் நெனப்பு தப்பிடுச்சு. கண்ணத் தொறந்தபடியே பேசிக்கினு இருந்துச்சு. "ஆடு தான் வாலாஜா. என் தங்கச்சி தச்சுது. அவ பொய் சொல்ல மாட்டா." இதே தான். திரும்பத் திரும்ப. அம்மா ஈரத் துணி போட்டுக்கினே, "இன்னாடி சொல்றான், இன்னா ஆடு?"ன்னு என்னக் கேக்கும்.

அம்மா தண்ணிக்குப் போனப்ப நான் காது கிட்ட குனிஞ்சி சொன்னேன். "அண்ணா, அது கன்னு. எனக்குத் தெரியும். தெரிஞ்சி தான் தச்சேன். அண்ணா, கேக்குதா?" அது கூரையப் பாத்துக்கினு இருந்துச்சு. ஒதடு அசஞ்சுது. "அவ பொய் சொல்ல மாட்டா"ன்னுச்சு. மறுநாளு மத்தியானம், கம்பெனி சங்கு ஊதுறப்ப மூச்சு நின்னுடுச்சு. பத்தொம்பது வருஷம் பட்டை, சுண்ணாம்பு எதுவும் படாம காப்பாத்தி வெச்ச கை. அந்தக் கைய மடிச்சி நெஞ்சு மேல வெச்சது நான் தான். என் வெரல்ல பட்டைக் கறை. அது மேல ஒட்டிக்குமோன்னு மொதல்ல சேலையில தொடச்சிக்கினேன்.

ஒரு மாசம் கழிச்சி தபால்ல ஒரு சின்ன பார்சல் வந்துச்சு. அண்ணன் பேருக்கு. செத்தது அங்க தெரியாது போல. பிரிச்சா அந்த அட்ட. வெறும் அட்ட மட்டும். தையல ஒவ்வொண்ணா, கிழிக்காம, பொறுமையா பிரிச்சி எடுத்து இருந்துச்சு. காயிதம் ஒண்ணும் இல்ல. மேல் பக்கத்துல நடுவுல ஒரு குங்குமப் பொட்டு, வெரலால வெச்சது, காஞ்சி செவப்பா இருந்துச்சு. அந்தம்மா வெச்சதா தான் இருக்கணும். தெனம் சாமிக்குப் பொட்டு வெக்கிற கை தான் அவ்ளோ நடுவா வெக்கும்.

"பொஸ்தகம் எங்கடி?"ன்னு அம்மா கேட்டுச்சு. "எரிச்சிட்டு இருப்பாங்க"ன்னு அதுவே சொல்லிடுச்சு.

இருக்கலாம். எரிச்சிட்டு இருந்தா, தையல அவ்ளோ பத்திரமா இன்னாத்துக்குப் பிரிக்கணும்? இல்ல, அட்டய மட்டும் எங்களுக்குத் திருப்பி அனுப்பிட்டு, பொஸ்தகத்த அவரு இன்னும் இடுப்புல சொருவி வெச்சிக்கினு இருக்காரா? எனக்குத் தெரியாது. காவேரிப்பாக்கத்துக்கு யார் கிட்டயாச்சும் சொல்லி அனுப்பலாம்னா, இன்னான்னு சொல்லி அனுப்புறது. அதுக்குத் தான் இத எழுதுனேன். அச்சுல வந்தா காலேஜுல யாராச்சும் படிப்பாங்க. அவங்க மூலமா அவருக்குப் போவட்டும். வாலாஜாக்காரரே, எங்க அண்ணன் பொய் சொல்லல. நீங்க ஒரு வருஷம் பாத்து புடிக்க முடியலன்னு சொன்னீங்களே, கடைசி வரைக்கும் புடிக்க ஒண்ணும் இல்ல. ஆடு எது கன்னு எதுன்னு நெசமாவே அவருக்குத் தெரியாது. நாங்க தெரிய விடல. பொய் சொன்னது உங்களுக்கு சொம்புல தண்ணி குடுத்தவ.

செத்தவங்களுக்காக ஜெபம் பண்றது நம்ம சபை வழக்கம் இல்லன்னு பாதிரியார் சொல்றாரு. அண்ணன் கர்த்தர் கிட்ட இருக்குது, உன் ஜெபம் அதுக்கு வேணாம்ன்றாரு. அவருக்குத் தெரியும், அவரு படிச்சவரு. ஆனா எங்க அண்ணன் கடைசியா நம்புனது என் பொய்ய. அத நம்பிக்கினே போச்சு. அங்க போய் உண்ம தெரிஞ்சப்ப அது மனசு இன்னா பாடு பட்டுதோ. அதனால, இத படிக்கிற நீங்க எல்லாரும், எந்த சபையா இருந்தாலும் சரி, சபையே இல்லாதவங்களா இருந்தாலும் சரி, எங்க அண்ணனுக்காக ஒரு வாட்டி ஜெபம் பண்ணுங்க. பேரு தெரியலயேன்னு யோசிக்காதீங்க. ஆம்பூர் அண்ணன்னு சொல்லுங்க, ஆண்டவருக்குத் தெரியும். அவரோட தோஸ்துக்காகவும் பண்ணுங்க.